அசல் பிரதியா, அச்சுப் படமா, தகரப் பெட்டியா: பெங்களூரு வீட்டில் ஒரு கதைப் புத்தகக் கிறிஸ்துமஸ்

கிறிஸ்துமஸுக்கு வீட்டை அலங்கரிப்பது பற்றி எங்கள் குடும்பத்தில் அதிகம் பேச வேண்டியிருந்ததில்லை. குடில் ஒரு மூலையில், காகித நட்சத்திரம் பால்கனியில், தொட்டிச் செடி ஒன்று மற்றொரு மூலையில் என்று ஒரு மாலைப் பொழுதில் வேலை முடிந்துவிடும். மூன்று ஆண்டுகளுக்கு முன், மகள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய வேளையில், லிங்கராஜபுரத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் கூடத்தைப் பழைய கதைப் புத்தகம் ஒன்றினுள் நுழைந்தாற்போல அமைக்கலாம் என்று என் மனைவி சொன்னபோதுதான் சிக்கல் தொடங்கியது. பழைய புத்தகங்களைத் தேடி விலைக்கு வாங்குவதா, பழைய தோற்றத்தில் இன்று செய்து விற்கும் பொருள்களை வாங்குவதா, உரிமைக் காலம் கடந்த ஓவியங்களை அச்சிட்டு பிரேம் போடுவதா, அல்லது கோலார் தங்கவயலிலிருந்து வந்து பரணில் கிடக்கும் தாத்தாவின் தகரப் பெட்டியைத் திறப்பதா என்று நான்கு வழிகள் எதிரே நின்றன. மூன்று கிறிஸ்துமஸ்களில் நான்கையும் செய்து பார்த்துவிட்டேன். அவற்றில் எது யாருக்குப் பொருந்தும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காட்சி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் தவறான செலவுகளில் பாதி அதை மறப்பதால் நேர்கிறது. பழைய கதைப் புத்தகக் கிறிஸ்துமஸ் என்றதும் நம் மனத்தில் எழும் படம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு லண்டனில் உருவானது. சார்லஸ் டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ 1843 டிசம்பர் 19 அன்று, துணி அட்டையும் பொன் விளிம்பும் ஜான் லீச் வரைந்த எட்டுப் படங்களுமாக வெளிவந்தது. அதே ஆண்டில்தான் ஹென்றி கோல் என்பவர் விற்பனைக்கான முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை அச்சிடச் செய்தார். விக்டோரியா அரசியின் குடும்பம் அலங்கரித்த மரத்தைச் சுற்றி நிற்கும் படத்தை 1848இல் ஒரு லண்டன் வாரப் பத்திரிகை வெளியிட்ட பின்னரே அந்த நாட்டு நடுத்தர வீடுகளில் மரம் வைக்கும் வழக்கம் வேகமாகப் பரவியது. இந்தக் காட்சியின் உயிர் பனியிலும் கணப்படுப்பிலும் இருக்கிறது. டிசம்பர் இரவில்கூடச் சராசரியாக 15, 16 டிகிரி இருக்கும் நம் ஊரில் இவை இரண்டும் இல்லை. அட்டையால் செய்த கணப்படுப்பை வாங்கி அதனுள் சிவப்பு விளக்கு வைத்துப் பார்த்தவர்களின் வீடுகளுக்குப் போயிருக்கிறேன். அது பள்ளி ஆண்டு விழா மேடையைத்தான் நினைவூட்டுகிறது. பனியையும் நெருப்பையும் சுவரில் உருவாக்க முயல்வதைவிட, அவை ஏற்கெனவே இருக்கும் பக்கங்களை விரித்து வைப்பதே நமக்கு இயல்பான வழி.

என் அளவுகோல் ஒன்றுதான். கதைப் புத்தகத்தின் பெயரால் வீட்டில் வைக்கும் எந்தப் பொருளையும் வீட்டுக் குழந்தை எடுத்துத் திறந்து, அதில் ஒரு கதையைக் காண வேண்டும். விலை, இடம், வீட்டு உரிமையாளரின் முகச்சுளிப்பு ஆகியவற்றையும் கணக்கில் கொண்டேன் என்றாலும், இந்த ஒன்றே நான்கு வழிகளையும் வரிசைப்படுத்தியது.

முதல் வழி, அசல் பிரதிகளைத் தேடி வாங்குவது. இதற்குப் பெங்களூரைப்போல வசதியான ஊர் தென்னிந்தியாவில் குறைவு. சர்ச் தெருவில் பிளாசம், புக்வோர்ம் ஆகிய கடைகளின் மேல்தளங்களிலும், 1945இல் தொடங்கி இன்று பிரிகேட் சாலையின் கிளைச் சந்தில் இயங்கும் செலக்ட் புத்தகக் கடையிலும், பாடப் புத்தகக் குவியல்களுக்கு நடுவே அவென்யூ சாலையிலும் பொறுமையோடு தேடுபவருக்குச் சிறுவர் நூல்கள் கிடைக்கும். படைமுகாம் குடும்பங்களும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் பல தலைமுறைகள் வாழ்ந்த ஊர் என்பதால், உள்ளட்டையில் மையால் எழுதிய பெயரும் கிறிஸ்துமஸ் வாழ்த்தும் தாங்கிய ஆண்டு மலர்கள் எதிர்பாராத அடுக்குகளிலிருந்து வெளிவரும். என் அனுபவத்தில் தொடக்கக்காரருக்கு மிகவும் ஏற்றவை லேடிபேர்ட் என்ற பிரிட்டிஷ் பதிப்பகத்தின் பழைய சிறு நூல்கள். போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் ஒரே பெரிய தாளை மடித்து 56 பக்கங்களாக்கும் முறையை அவர்கள் 1940இல் கைக்கொண்டார்கள். இடப்பக்கம் எழுத்தும் வலப்பக்கம் முழுப்பக்க வண்ண ஓவியமுமாக அமைந்த அந்த வடிவம் அலமாரி விளிம்பில் விரித்து நிறுத்துவதற்கென்றே செய்தாற்போல இருக்கிறது. உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய இந்த நூல்கள் இலட்சக்கணக்கில் அச்சானவை. ஆகவே விலையும் அச்சுறுத்துவதில்லை. குழந்தை ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டாலும் உலகத்துக்கு இழப்பொன்றும் இல்லை.

அதற்கு மேல் ஏறும்போதுதான் எச்சரிக்கை தேவைப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மரக்கூழ்க் காகிதத்தில் அச்சான நூல்கள், அந்தக் காகிதத்திலேயே உள்ள அமிலத்தால் பழுத்து, மடித்தால் முறியும் நிலைக்கு வந்திருக்கும். அவற்றைத் தொடர்ந்து பல நாள்கள் ஒரே பக்கத்தில் விரித்து வைத்தால் தையல் விட்டுவிடும். முதுகு கிழிந்ததைச் செல்லோ டேப்பால் ஒட்டிய பிரதியைத் தவிர்ப்பது நல்லது. சில ஆண்டுகளில் பசை கசிந்து, மஞ்சள் கறை மூன்று நான்கு பக்கங்களுக்கு இறங்கிவிடும். பழைய புத்தகத்தோடு ராமபாணப் பூச்சியும் வீட்டுக்குள் குடியேறலாம் என்பதை நான் இரண்டாம் ஆண்டுதான் கற்றேன். இப்போது புதிதாக வாங்கும் எந்தப் பிரதியையும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் இட்டு இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்து, வெளியே எடுத்த பிறகும் உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் அறை வெப்பத்துக்கு வரவிட்டே அலமாரியில் சேர்க்கிறேன். மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் தேவதைக் கதை உறைந்து கிடப்பதைப் பார்த்து என் மாமியார் முதலில் சிரித்தார். பிறகு தம்முடைய பழைய பாட்டுப் புத்தகத்தையும் கொண்டுவந்து கொடுத்தார்.

இணையத்தில் வெளிநாட்டுப் பிரதிகளை வாங்க நினைப்பவருக்கு இன்னொரு செய்தி. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பளிச்சிடும் மரகதப் பச்சைத் துணியால் கட்டப்பட்ட நூல்கள் சிலவற்றில் அந்த நிறமே ஆர்சனிக் என்ற நஞ்சு கலந்த சாயம். அமெரிக்காவின் வின்டர்தர் அருங்காட்சியகம் இதற்கென்றே 2019 முதல் ஓர் ஆய்வுத் திட்டத்தை நடத்தி, அத்தகைய நூல்களைப் பட்டியலிட்டு வருகிறது. கிறிஸ்துமஸுக்குப் பச்சை நிறம் பொருத்தம் என்று கருதி, ஆண்டு தெரியாத பழைய பச்சை அட்டை நூலைக் குழந்தை விரல் சப்பும் வீட்டில் வைப்பது அறிவீனம். பழைய பொம்மைகளின் ஈயச் சாயத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஏமாந்த கதை ஒன்றும் உண்டு. நூறாண்டுப் பழமையான நூலிலிருந்து எடுத்த அசல் ஓவியத் தாள் என்று சொல்லி ஒரு விற்பனையாளர் இணையவழி அனுப்பிய படத்தை, பிரேம் போடுவதற்கு முன் தற்செயலாக உருப்பெருக்கியால் பார்த்தேன். மரச்செதுக்கு அச்சாக இருந்தால் கோடுகளும், பழைய மூவண்ண அச்சாக இருந்தால் ஒழுங்கான புள்ளி வரிசைகளும் தெரிய வேண்டும். அதில் மை தூவினாற்போல ஒழுங்கற்ற நுண்புள்ளிகள் தெரிந்தன. வீட்டு அச்சு இயந்திரத்தில் எடுத்துத் தேநீரில் நனைத்துப் பழுப்பாக்கிய தாள் அது. பணம் திரும்பவில்லை. ஆனால் அது போலியாக இருந்ததில் எனக்கு ஒரு நிம்மதியும் உண்டு என்பதைச் சொல்லத்தான் வேண்டும், ஏனெனில் அது அசலாக இருந்திருந்தால் அந்த ஒரு தாளுக்காக ஒரு புத்தகம் அறுபட்டிருக்கும். ஆர்தர் ராக்கம் போன்ற ஆங்கிலச் சிறுவர் நூல் ஓவியர்களின் படங்கள் தனித்தாளில் அச்சாகி, தடித்த பக்கங்களில் ஒட்டப்பட்டு வந்தவை. அவற்றை எளிதில் பிரித்தெடுக்க முடியும் என்பதனாலேயே எத்தனையோ நூல்கள் படங்களை இழந்து வெற்றுடலாகிவிட்டன. அலங்காரத்துக்காக நூலைப் பிரிப்பவரோடு நான் வாதிட மாட்டேன். அவரிடம் புத்தகம் இரவல் கொடுக்கவும் மாட்டேன்.

இரண்டாம் வழியைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. பழைய தோற்றத்தில் புதிதாகச் செய்த கொட்டை உடைக்கும் ஜெர்மானியச் சிப்பாய்ப் பொம்மைகள், பனி மூடிய பீங்கான் கிராமங்கள், உள்ளே வெற்றிடமான ‘புத்தகப்’ பெட்டிகள் ஆகியவை நவம்பர் பிறந்ததும் கமர்ஷியல் தெருவிலும் அங்காடி வளாகங்களிலும் இணையத்திலும் குவிந்துவிடுகின்றன. அவை உடனே கிடைக்கும், ஒன்றோடொன்று நிறம் ஒத்துப்போகும், பூச்சி அரிக்காது. நேரமே இல்லாதவர்களுக்கும் விருந்தினர் வருவதற்கு முதல் நாள் நினைவுக்கு வந்தவர்களுக்கும் அவை போதும். எனக்குப் பொருந்தாததற்குக் காரணம், அந்தப் பெட்டிகளில் ஒன்றை என் மகள் திறந்து பார்த்துவிட்டு, இதில் கதை எங்கே என்று கேட்டதுதான். விதிவிலக்காக ஒன்றைச் சொல்லலாம். மரப்பொம்மை வேண்டுமென்றால் ஜெர்மானியச் சிப்பாயின் மலிவு நகலைவிட, மைசூரு சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சென்னபட்டணத்துக்கே ஒரு நாள் போய் வரலாம். வெட்பாலை மரத்தைக் கடைசலிட்டு, சுழலும்போதே அரக்குச் சாயம் ஏற்றும் அந்தப் பொம்மைகளில் மூன்று ராஜாக்களுக்குப் பொருத்தமான உருவங்கள் கிடைக்கின்றன; இரண்டு வயதுக் குழந்தை தரையில் போட்டாலும் உடைவதில்லை.

மூன்றாம் வழியான அச்சுப் படங்கள், செலவுக்கும் விளைவுக்குமான விகிதத்தில் மற்ற மூன்றையும் மிஞ்சிவிடுகின்றன. இந்தியச் சட்டப்படி ஓவியர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் கழிந்தால் அவருடைய ஓவியத்தின் உரிமைக் காலம் தீர்ந்துவிடுகிறது. 1886இல் மறைந்த ராண்டால்ஃப் கால்டெகாட், 1901இல் மறைந்த கேட் கிரீன்அவே, 1915இல் மறைந்த வால்டர் கிரேன், 1939இல் மறைந்த ராக்கம், 1943இல் மறைந்த பியாட்ரிக்ஸ் பாட்டர் ஆகிய சிறுவர் நூல் ஓவியர்களின் படங்களை இன்று தடையின்றி அச்சிடலாம். இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற தளங்களில் அந்த நூல்களின் முழு ஸ்கேன்களும் கிடைக்கின்றன. நம் தலைமுறைக்கு நெருக்கமான அம்புலிமாமாவின் விக்கிரமாதித்தன் படங்களை இதே கணக்கில் சேர்க்க முடியாது. அவற்றை வரைந்த சங்கர் 2020இல்தான் மறைந்தார். அந்த இதழ்கள் வீட்டில் இருந்தால் அவற்றையே விரித்து வைப்பது முறை.

கால்டெகாட், கிரீன்அவே, கிரேன் ஆகிய மூவரின் வண்ணப் படங்களையும் அச்சிட்டவர் எட்மண்ட் எவன்ஸ் என்ற ஒரே அச்சுக் கலைஞர். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி மரக்கட்டை செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து உருவாக்கிய அந்தப் படங்களில் தெளிவான கோடும் மங்கலான சில வண்ணங்களும் மட்டுமே இருப்பதால், இன்றைய டிஜிட்டல் அச்சில் அவை சிதைவதில்லை. ராக்கமின் நிழல் படிந்த பழுப்புப் படங்கள் அப்படியல்ல. மலிவான அச்சில் அவை சேறாகிவிடும். ஆகவே முதல் முயற்சிக்கு எவன்ஸ் அச்சிட்டவற்றையே தேர்ந்தெடுப்பது நல்லது. ஏ4 அளவில் அச்சிட ஏறத்தாழ 2480க்கு 3508 புள்ளிகள் கொண்ட கோப்பு வேண்டும். அதற்குக் குறைந்ததை ஏ5 அளவில் நிறுத்திக்கொள்ளலாம். பளபளக்கும் புகைப்படத் தாளைக் கேட்டு வாங்கினால் பழமையின் சாயல் முழுவதும் போய்விடும். 200 ஜிஎஸ்எம் அளவிலான மேட் தாள், அதுவும் தூய வெண்மையைவிடச் சற்றே தந்த நிறம் கொண்டது, பிரேமுக்குள் போனபின் கண்ணை ஏமாற்றும் அளவுக்குப் பழையதாகத் தெரிகிறது. பத்துப் படங்களை அச்சிட்டு எளிய பிரேம் போட எனக்கு ஆன செலவு, ஒரு நல்ல அசல் ஆண்டு மலரின் விலையை எட்டவில்லை.

வாடகை வீட்டின் சங்கடம் இங்கேதான் தலைகாட்டுகிறது. ஆணி அடித்தால், வீட்டைக் காலி செய்யும் நாளில் முன்பணத்திலிருந்து சுவர் பூசும் செலவு கழியும் என்பதைப் பெங்களூரில் வாடகைக்கு இருந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிரேம்களைச் சுவரில் மாட்டாமல் அலமாரியின் மேலும் ஜன்னல் மேடையிலும் சாய்த்து வைத்தேன். பிரேம் போடாத படங்களை இரண்டு ஜன்னல் கம்பிகளுக்கு இடையே கட்டிய சணல் கயிற்றில் மரக் கிளிப்புகளால் தொங்கவிட்டேன். ஓர் அறையின் தோற்றத்தை ஒரே மாலையில் மாற்றும் ஆற்றல் அச்சுப் படங்களுக்கு உண்டு. முதல் நாள் எல்லோரும் வியந்தார்கள், மூன்றாம் நாள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பின்னணியாக அவை சிறந்தவை. முன்னே வேறொன்று இருக்க வேண்டும்.

அந்த வேறொன்று எங்கள் வீட்டில் பரணிலிருந்து வந்தது. என் தாத்தா தங்கவயல் சுரங்கத்தில் வேலை செய்தவர். 2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டபின், குவார்ட்டர்ஸிலிருந்து பெங்களூருக்கு வந்த சாமான்களில் ஒரு பச்சைத் தகரப் பெட்டியும் இருந்தது. அதில் இரண்டு விதமான புத்தகங்கள் இருந்தன. ஒன்று, பாட்டியின் பிள்ளைகள் ஞாயிறு பள்ளியில் பரிசாகப் பெற்ற ஆங்கிலச் சிறுவர் நூல்கள். உள்ளட்டையில் வகுப்பும் ஆண்டும் ‘வேதாகமப் பாடத்தில் இரண்டாம் பரிசு’ என்ற வரியும் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. மற்றது, மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் பின்னர் ராதுகாவும் தமிழிலேயே அச்சிட்டு, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக மிகக் குறைந்த விலைக்கு விற்ற சோவியத் சிறுவர் கதைகள். கம்யூனிஸ்ட் தொழிற்சங்கம் வலுவாக இருந்த தங்கவயலில் தாத்தா அவற்றை வாங்கியதில் வியப்பில்லை. தேவாலயத்தின் பரிசும் சங்கத்தின் புத்தகமும் ஒரே பெட்டியில் அரை நூற்றாண்டு ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடந்திருக்கின்றன.

அலங்காரத்துக்கு இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால், தயக்கமின்றிச் சோவியத் நூல்களையே சொல்வேன். பெரிய பக்கம், தடித்த தாள், உறைபனிக் காடு, கம்பளிக் குல்லாய் அணிந்த பிள்ளைகள், விளக்கேற்றிய ஊசியிலை மரம் ஆகிய அனைத்தும் அவற்றில் உண்டு, எழுத்தோ தமிழ். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த மரம் கிறிஸ்துமஸ் மரமே அன்று. சோவியத் ஆட்சி 1920களின் இறுதியில் கிறிஸ்துமஸ் மரத்தை ஒதுக்கிவைத்து, 1935 இறுதியில் அதைப் புத்தாண்டு மரமாக மீண்டும் அனுமதித்தது. நூல்களில் பிள்ளைகள் சுற்றி ஆடுவது அந்தப் புத்தாண்டு மரத்தைத்தான். தங்கவயல் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்கவில்லை, தெரிந்திருந்தாலும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். என் அத்தை அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்ததும், “இதுதான் எங்க கிறிஸ்துமஸ் புக்கு, தெரியுமா? இந்தப் பக்கத்தைத் திறந்துவச்சுட்டுத்தான் நாங்க கல்கல் உருட்டுவோம்” என்றார். மாவை உருட்டி எண்ணெயில் பொரிக்கும் கிறிஸ்துமஸ் பலகாரம்தான் கல்கல். எண்ணெய் விரல் பட்ட வட்டக்கறை அந்தப் பக்கத்தின் ஓரத்தில் இன்றும் இருக்கிறது. எந்தக் கடையிலும் எந்த விலைக்கும் அந்தக் கறை கிடைக்காது.

குடும்பப் பெட்டியின் குறைகளை மறைக்கக் கூடாது. பெட்டி இருக்கும் வீடுகளுக்கு மட்டுமே இந்த வழி. இல்லாதவர்கள் உறவினர் வீட்டுப் பரண்களை விசாரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. கிழிந்தால் மாற்றுப் பிரதி கிடைப்பது அரிது. யாருக்கு உரிமை என்ற கேள்வியும் எழும். அத்தை மகன் ஒருவர் தம் தாயின் பரிசுச் சீட்டைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைக் கேட்டார், கொடுத்துவிட்டேன். அதற்கு முன் அந்தப் பக்கங்களை ஸ்கேன் செய்துகொண்டேன் என்பதால் மூன்றாம் வழி நான்காம் வழிக்குத் துணையாயிற்று.

எங்கே எப்படி வைப்பது என்பதும் தேர்வோடு சேர்ந்ததே. எங்கள் மாடிவீட்டுத் தமிழ்க் குடும்பம் நவராத்திரிக்கு ஐந்து படிக் கொலு வைப்பவர்கள். மடக்கக்கூடிய அந்த இரும்புப் படிகள் அக்டோபருக்குப் பின் ஓராண்டு சும்மா கிடக்கின்றன. சென்ற ஆண்டு அதை இரவல் வாங்கி, வெள்ளை வேட்டிக்குப் பதில் பழுப்புச் சணல் துணி விரித்து, மேல்படியில் குடிலும், நடுப்படிகளில் சாய்த்த படங்களும் சென்னபட்டணத்துப் பொம்மைகளும், குழந்தைகளின் கைக்கு எட்டும் கீழ்ப்படிகளில் படிக்கலாம் என்ற அனுமதியோடு லேடிபேர்ட் நூல்களும் வைத்தோம். குடும்பப் புத்தகங்களைக் கூடத்து மேசையில், பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும் மாலை வேளைகளில் மட்டும் விரித்தோம். கொலுவுக்கு வருவோர் போலவே வந்தவர்கள் படியருகே உட்கார்ந்துவிட்டதால், இந்த ஏற்பாடு அலமாரியில் அடுக்குவதைவிட நன்றாக அமைந்தது.

விளக்கு விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். 2700 கெல்வின் அளவிலான மஞ்சள் ஒளி எல்இடிச் சரம் பழைய தாளின் நிறத்தை உயர்த்திக் காட்டும். நீலம் கலந்த வெள்ளை ஒளியில் அதே தாள் அழுக்காகத் தெரியும். எல்இடி அதிகம் சூடாகாது என்றாலும், சரத்தைப் புத்தகத்தின்மேல் படரவிடாமல் பின்னால் ஓடவிடுவது நல்லது. மெழுகுவர்த்தியைக் குடிலுக்கு முன்னேயும் வைக்க வேண்டாம், புத்தகத்துக்கு அருகே நினைக்கவும் வேண்டாம். மரத்துக்கு நாற்றங்காலில் கிடைக்கும் அரக்கேரியா என்ற ஊசியிலைச் செடித் தொட்டியே இந்த ஊருக்குப் போதுமானது. தமிழ்நாட்டு வீடுகளின் சவுக்குக் கிளைக்கு உள்ள சோம்பலான அழகு அதற்கு இல்லை என்பது என் தனிப்பட்ட குறை.

முடிவாக எதைத் தேர்ந்தெடுப்பது என்பது வீட்டைப் பொறுத்தது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அச்சுப் படங்களையும் மரப்பொம்மைகளையும் தவிர வேறெதையும் இந்த ஆண்டு எண்ண வேண்டாம். படிக்கத் தொடங்கிய குழந்தை இருந்தால் அச்சுப் படங்களைப் பின்னணியாக்கி, பணத்தின் பெரும்பகுதியைப் பத்துப் பதினைந்து மலிவான அசல் சிறு நூல்களில் செலவிடலாம். ஒரே விலையுயர்ந்த பிரதியைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டுவதைவிட அது பலமடங்கு மேலானது. பிள்ளைகள் வளர்ந்துவிட்ட, புத்தகம் சேகரிக்கும் பழக்கமுள்ள தம்பதிகளுக்கு மட்டும் விலையுயர்ந்த அசல் ஒன்றைப் பரிந்துரைப்பேன், அதுவும் நேரில் கையில் எடுத்துப் பார்த்து. பரணில் பெட்டி இருக்கும் யாராக இருந்தாலும் கடைக்குக் கிளம்புவதற்கு முன் அதைத் திறந்து பார்ப்பது நல்லது.

நாங்கள் இந்த ஆண்டு கடையில் ஒன்றே ஒன்றைத்தான் வாங்கப் போகிறோம். அத்தை மகனுக்குக் கொடுத்த பரிசு நூலின் வேறொரு பிரதி சர்ச் தெருவில் அகப்படுமா என்று பார்க்க வேண்டும். படிகளை மாடிவீட்டாரிடம் சொல்லிவைத்தாயிற்று. ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் படங்கள் கோப்புறைக்கும், சிறு நூல்கள் மகளின் அலமாரிக்கும் போகும். தகரப் பெட்டிக்குள் போகும் புத்தகங்களை மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, பாட்டி செய்ததுபோல மூலைக்கொரு வசம்புத் துண்டு போட்டு, இம்முறை பரணில் ஏற்றாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைப்பதாக ஏற்பாடு.